கெடு இல்லாத டோக்கன்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு ஒன்பது மணி இருக்கும், என் தம்பியின் பேத்தி போன் செய்தாள். செங்கல்பட்டில் கல்லூரியில் படிக்கிறாள். என் பழைய லேப்டாப்பை ஆடி மாதம் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

"பெரிய தாத்தா, ஒண்ணு கேட்கணும். நம்ம நிலத்து பட்டா, உங்க பென்ஷன் ஆர்டர், பெரிய பாட்டியோட ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாம் இந்த லேப்டாப்புல வருது. நான் எதையும் தொறக்கல. பேரை மட்டும்தான் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை. கொடுப்பதற்கு முன் நானே உட்கார்ந்து போட்டோக்களை அழித்தேன். மெயிலிலிருந்து வெளியே வந்தேன். பிரவுசரில் சேர்ந்திருந்ததையெல்லாம் துடைத்தேன். அதற்குப் பிறகு, வேறு காரணத்துக்காக, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றியும் விட்டேன். பூட்டை இரண்டு முறை மாற்றிய வீட்டுக்குள் அந்தப் பெண் எப்படி வந்தாள்?

கல்லூரியில் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டெர்மினல் என்கிறார்கள். அதைத் திறந்து மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தியிருக்கிறாள். முன்பு அடித்த கட்டளை ஒன்று வந்திருக்கிறது. என்டர் தட்டினாள். இணையத்தில் நான் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளின் பட்டியல் வரிசையாக ஓடியது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஓடிபி வரவில்லை. என் போனுக்கு ஒரு தகவலும் இல்லை.

அவள் நல்ல பெண். என்னுடைய பாதுகாப்பு ஏற்பாடு மொத்தமும் அது ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கட்டளை என் பேரன் போட்டது. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் வேலை, வாரத்தில் பாதி நாள் இங்கிருந்தே பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். நான் எடுக்கும் கல்வெட்டுப் படங்களும் வீட்டுக் காகிதங்களும் தினமும் தானாக இணையத்துக்குப் போய்ச் சேர, ஒரு சிறிய நிரலையும் அதில் வைத்தான். "ஒரு தடவை லாகின் பண்ணிட்டேன் தாத்தா, இனிமே அது கேக்கவே கேக்காது" என்றான். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எழுபது வயதுக்கு மேல், விரல் கொஞ்சம் நடுங்கும்போது, பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு என்று தேடித் தேடி அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருக்கும் தெரியும்.

இப்போது அவனோடுதான் சண்டை. அவன் ஒருவனோடு மட்டும் இல்லை. 'கேட்கவே கேட்காது' என்பதைப் பெருமையாகச் சொல்லும் அந்தத் தொழில் முழுவதோடும்.

விஷயத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் ஓடும் நிரல் நம் பாஸ்வேர்டை வைத்துக்கொள்வதில்லை. அது ஒரு நல்ல விஷயம், மறுக்கவில்லை. முதல் தடவை பிரவுசரைத் திறந்து நம்மை அனுமதி கொடுக்கச் சொல்கிறது. கொடுத்தவுடன் அந்தப் பக்கத்துக் கணினி நீளமான ஒரு எழுத்துச் சரத்தை நிரலிடம் தருகிறது. அதுதான் டோக்கன். அடுத்த தடவையிலிருந்து நிரல் அந்தச் சரத்தைக் காட்டி உள்ளே போகும். இதற்கான பொது விதிமுறை 2012 அக்டோபரில் வெளியானது, ஓஆத் 2.0 என்று பெயர். அதில் இந்த டோக்கனை 'பேரர்' டோக்கன் என்கிறார்கள்.

பேரர் என்றதும் வங்கிக்குப் போய்வந்த நமக்கு விளங்கிவிடும். கொணர்பவர் காசோலை. யார் கொண்டுபோய் நீட்டினாலும் பணம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், அங்கே இதை 'ஓ போர்த்தேர்' என்பார்கள். டோக்கனுக்கு பிரெஞ்சில் ழெதோன். ஆதியில் அது கணக்குப் பலகையில் போட்டு எண்ணும் வில்லை. ழெத்தே என்றால் எறிவது, பழைய பிரெஞ்சில் கணக்குப் பார்ப்பது என்றும் பொருள் உண்டு. கணக்குப் பார்க்கப் பிறந்த சொல்லைக் கணக்கே இல்லாத ஒன்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

பேரன் அந்த லேப்டாப்பில் டோக்கன் இருந்த கோப்பைத் திறந்து காட்டினான். பூட்டு ஒன்றும் கிடையாது. சாதாரண எழுத்துக் கோப்பு, நான் கூடப் படிக்கலாம். அதில் 'காலாவதி' என்று ஒரு தேதியும் நேரமும் இருந்ததைப் பார்த்து நிம்மதியானேன். "அது சின்ன டோக்கனுக்கு தாத்தா" என்றான். டோக்கன் இரண்டு வகையாம். சின்னது ஒரு மணி நேரம் போல இருக்கும், முடிந்துவிடும். பெரியது, ரிஃப்ரெஷ் டோக்கன், சின்னது முடியும் போதெல்லாம் இன்னொரு சின்னதை வாங்கித் தரும். பெரியதற்குத் தேதி எங்கே என்று கேட்டேன். "அதுக்குத் தேதி இல்ல." சீட்டுக்கு ஒரு மணி நேரக் கெடு வைத்துவிட்டு, சீட்டு அச்சடிக்கும் இயந்திரத்தைத் திண்ணையில் விட்டுவைத்த கதை.

பாஸ்வேர்டை மாற்றினேனே என்றேன். சில சேவைகளில் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய டோக்கன் எல்லாம் செத்துவிடும், சிலவற்றில் சாகாது, சிலவற்றில் எதற்கு அனுமதி கொடுத்தோம் என்பதைப் பொறுத்து என்றான். இதை ஒரு சாதாரண விஷயம் போலச் சொன்னான்.

பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் டோக்கன் கொடுக்கிறார்கள். அதில் தேதி இருக்கிறது, காலையா மாலையா என்று நேரம்கூட இருக்கிறது. ஒரு முழுக் கரும்புக்கும் ஒரு கிலோ பச்சரிசிக்கும் இவ்வளவு ஒழுங்கு. என் நிலத்துப் பட்டாவுக்கும், இறந்துபோன என் மனைவியின் ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கும் கொடுத்த டோக்கனுக்குத் தேதி கிடையாது. அந்தக் காகிதங்களில் அவளுடைய கடைசி ஆறு மாதம் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கே நான் முழுவதும் காட்டாத காகிதங்கள்.

நான் வேலை பார்த்தது கருவூலத்தில். காப்பறைக்கு இரட்டைப் பூட்டு, இரண்டு பேரிடம் இரண்டு சாவி. ஒருவர் ஒரே ஒரு நாள் தற்செயல் விடுப்பில் போனாலும் சாவியைக் கொடுத்தவரும் வாங்கியவரும் பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதிகாரி மாறினால் புதியவரின் மாதிரிக் கையொப்பம் வந்து சேரவேண்டும். அது வந்த பிறகு பழைய கையொப்பத்தோடு ஒரு பில் வந்தால், முந்தின வாரம் வரை நாங்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனிதராக இருந்தாலும், பில் திரும்பிப் போகும். இதைச் செய்ததற்காக எனக்கு யாரும் மெடல் தரவில்லை. 'சிவப்பு நாடா' என்று திட்டினார்கள். திட்டியவர்களின் பிள்ளைகள்தான் இப்போது மென்பொருள் எழுதுகிறார்கள்.

இனி கல்வெட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊர் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும் வெட்டிய இரண்டு தீர்மானங்கள். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். 30 குடும்புகள், ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள்.

இதை உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் மார்தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. வயது வேறு, இரண்டாவது கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள். என் ஓலையையும் போடமாட்டார்கள்.

ஆனால் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசிப் பேசி, அதே கல்லில் அதற்கடுத்து இருப்பதை நாம் படிக்காமலே விட்டுவிட்டோம். வாரியத்துக்கு 360 நாள். அவ்வளவுதான். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், யாராக இருந்தாலும் 360 நாள் முடிந்ததும் இறங்க வேண்டும். ஏற்கெனவே வாரியம் செய்தவர் மூன்று ஆண்டு கழியாமல் மறுபடி வரமுடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் குடத்துப் பக்கம் வரக்கூடாது, எந்தெந்த உறவு என்று அத்தை மகன் மாமன் மகன் வரை பட்டியல். இடையில் ஒருவன் குற்றம் செய்ததாகத் தெரிந்தால் 360 நாள் முடியக் காத்திருக்க வேண்டாம், அப்போதே நீக்கிவிடலாம்.

கெடு, கணக்கு, உடனே நீக்கும் அதிகாரம். வைரமேகத் தடாகத்து மடையைத் திறக்கும் பொறுப்பைக் கொடுக்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷம் கழித்து என் லேப்டாப்புக்குக் கொடுத்த பொறுப்பில் மூன்றும் இல்லை.

பேரனுக்கு வாய் இல்லாமல் இல்லை. அவன் சொன்னது இது: "அடிக்கடி பாஸ்வேர்டு கேட்டா ஜனங்க என்ன செய்வாங்க தெரியுமா? பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டுவாங்க. இல்லைன்னா எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பாங்க. அதுக்கு டோக்கன் எவ்வளவோ மேல். ராத்திரி இரண்டு மணிக்குத் தானா ஓடுற வேலைக்கு யார் எழுந்து வந்து லாகின் பண்றது?"

இதில் உண்மை இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிதில் பாஸ்வேர்டு விசைப்பலகைக்கு அடியில் துண்டுச் சீட்டில்தான் வாழ்ந்தது. எழுதி வைத்தவர்களில் நானும் ஒருவன். பாஸ்வேர்டைவிட டோக்கன் மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப், 2021 ஆகஸ்ட் 13 முதல் கறுப்புத் திரை வழியே பாஸ்வேர்டு வாங்குவதையே நிறுத்தி டோக்கனைக் கேட்கிறது. சரியான காரியம். ஒரு வருஷம் பயன்படுத்தாமல் கிடக்கும் டோக்கனை அதுவே நீக்கியும் விடுகிறது.

நீண்ட நாள் நிற்கும் லாகின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு வேறு, மறதி வேறு. நாம் மறந்துவிட்டதையே நம் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் அதிகக் கோபம் வந்தது 'லாக்அவுட்' என்ற சொல்லில். பேரன் காட்டித்தான் தெரிந்தது. பல நிரல்களில் லாக்அவுட் என்று அடித்தால், நம் கணினியில் இருக்கும் டோக்கன் பிரதி மட்டும் அழியும். அந்தப் பக்கத்தில் அந்த டோக்கன் செல்லுபடியாகவே இருக்கும். யாராவது முன்பே நகல் எடுத்திருந்தால் அவர் பாட்டுக்கு உள்ளே போகலாம். கிட்ஹப் தரும் கறுப்புத் திரை நிரலின் விளக்கக் குறிப்பிலேயே, இந்த லாக்அவுட் டோக்கனை ரத்து செய்யாது என்று எழுதியிருக்கிறது. நேர்மையாக எழுதினார்கள் என்று பாராட்டலாம். ஆனால் என் வயதுக்காரன் ஒருவன் லாக்அவுட் என்றால் என்ன நினைப்பான்? வெளியேறினேன், கதவு சாத்தியாயிற்று என்றுதானே? டோக்கனை அந்தப் பக்கத்திலேயே ரத்து செய்யும் முறைக்கு 2013 ஆகஸ்டிலேயே பொது விதி வந்தாகிவிட்டது. செய்ய வழி இல்லாமல் இல்லை.

கோப்பைப் பூட்டி வைப்பதும் அப்படியே. கணினிக்குள்ளேயே சாவிக்கொத்து என்று ஒரு பாதுகாப்பான இடம் உண்டு, டோக்கனை அங்கே வைக்கலாம். கிட் என்ற நிரலில் இரண்டு வழியும் இருக்கிறது. 'கேஷ்' என்று போட்டால் நினைவில் மட்டும் 15 நிமிடம் வைத்து மறந்துவிடும், வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். 'ஸ்டோர்' என்று போட்டால் சாதாரண எழுத்துக் கோப்பில் காலம் முழுக்கக் கிடக்கும். அவசரக்காரர்கள் எதைப் போடுவார்கள் என்று சொல்ல வேண்டுமா?

இதெல்லாம் கிழவனின் பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022 ஏப்ரலில் ஹெரோகு, டிராவிஸ் சிஐ என்ற இரண்டு நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்து வைத்திருந்த டோக்கன்கள் திருடு போயின. அவற்றைக் காட்டியே பல நிறுவனங்கள் கிட்ஹப்பில் பூட்டி வைத்திருந்த கோப்புகளை யாரோ இறக்கிக்கொண்டு போனார்கள். யாருடைய பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை. கொணர்பவர் காசோலை, கொண்டுபோய் நீட்டினார்கள், கொடுத்துவிட்டார்கள்.

மறுபக்கத்து முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. வாட்ஸ்அப் போன்றவற்றைக் கணினியில் திறந்து வைத்தால், 6 மணி நேரத்துக்குள் தானாக வெளியேற்றிவிட வேண்டும் என்று. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கத்தான், நோக்கம் நல்லதுதான். கெடு என்று ஒன்று வேண்டும் என்பதை ஒரு அரசாங்க அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டதில் பழைய எழுத்தனாக எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. ஆனால் 6 மணி நேரம் என்பது ஏரி வாரியத்தைக் காலையில் குடத்திலிருந்து எடுத்து மாலையில் இறக்கிவிடுவது போல. மனுஷன் சலித்துப் போவான். சலித்துப்போனவன் எந்தத் திரையில் எது கேட்டாலும் 'சரி' என்று அழுத்துவான், திருடனுக்கு அதுதான் வேண்டும். 360 என்று வைத்தவர்கள் ஒரு சாகுபடி வருஷத்தை நினைத்து வைத்திருக்கக் கூடும், இது என் ஊகம். அந்தந்த வேலைக்குத் தகுந்த கெடு வேண்டும். படம் மட்டும் எடுத்துப் போகும் என் நிரலுக்கு மூன்று மாதம் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் உட்கார்ந்து தப்பும் தவறுமாகப் பாஸ்வேர்டு அடிக்கத் தயார்.

யோசித்துப் பாருங்கள். ஓய்வூதியம் வாங்கும் நாம் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்கிறோம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்த பிறகு கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். தேய்ந்துபோன விரலை நாலு தடவை துடைத்துத் துடைத்து வைக்கிறோம். அலுத்துக்கொண்டாலும் செய்கிறோம். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மனிதனின் செல்லுபடி ஒரு வருஷம். அவன் இரண்டு வருஷத்துக்கு முன் மறந்துபோன ஒரு நிரலின் செல்லுபடிக்கு முடிவே கிடையாது. உங்களுக்கு இது நியாயமாகப் படுகிறதா?

அன்று இரவே பேரன் என் கணக்கின் அமைப்புப் பக்கத்துக்குள் நாலு படி இறங்கி, 'அனுமதி பெற்ற செயலிகள்' என்ற பட்டியலைக் காட்டினான். அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஐந்து பெயர் இருந்தன. அந்த நிரல் ஒன்று. இரண்டு எனக்குத் தெரிந்தவை. மீதி இரண்டு என்னவென்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. ஒன்று 2019இல் கொடுத்த அனுமதி. ஐந்தையும் நீக்கச் சொன்னேன். தெரிந்த இரண்டை விட்டுவிடலாமே என்றான். மறுபடி வேண்டுமானால் மறுபடி ஓலை எழுதிப் போடட்டும் என்றேன்.

பிறகு பேத்திக்குப் போன் செய்து, அந்த அம்புக்குறியை இன்னொரு தடவை அழுத்தச் சொன்னேன். "ஏதோ எர்ரர் வருது பெரிய தாத்தா" என்றாள். அந்த டோக்கன் கிடந்த கோப்பையும் அவளையே அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எந்த நிரலுக்கு, எந்தக் கணினியில், எதற்காக, என்று கொடுத்தது, என்று நீக்க வேண்டும், நீக்கிய தேதி, சுருக்கொப்பம். கோடு போட்டு ஏழு பத்திகள். பேரன் முதலில் சிரித்தான். உன் ஆபீஸ் லேப்டாப்பில் இப்படி எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ அடித்துப் பார்த்தான், இன்னொரு தடவை அடித்தான். எத்தனை என்று சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் ரொம்ப நேரம் எழுந்து வரவில்லை.